இரண்டு வாரப் பாடம்

சந்தையில் ஜெயிப்பது கற்றுக்கொடுத்து வருமா, பிறவியிலேயே இருக்க வேண்டுமா என்று 1983-ல் சிகாகோவில் இரண்டு நண்பர்கள் மோதிக்கொண்டார்கள். ஒருவர் ரிச்சர்ட் டென்னிஸ். 17 வயதில் சரக்குச் சந்தையில் சீட்டு எடுத்துக்கொண்டு ஓடும் பையனாகச் சேர்ந்தவர். வீட்டில் 1,600 டாலர் வாங்கி, அதில் 1,200-ஐ ஒரு சின்னச் சந்தையின் உறுப்பினர் இருக்கைக்குக் கட்டி, மீதி 400-ஐ வைத்துக்கொண்டு தொழில் தொடங்கிக் கோடிகள் பார்த்தவர். மற்றவர் வில்லியம் எக்கார்ட். பள்ளித் தோழர். கணிதத் தர்க்கத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்து, முடிக்காமல் சந்தைக்கு வந்தவர்.

சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் வரும் என்றார் டென்னிஸ். வராது, அது உள்ளுக்குள் இருக்க வேண்டும் என்றார் எக்கார்ட். சந்தைக் கூடத்தில் கூச்சல் போட்டு வாங்கி விற்றவர் பாடத்திட்டத்தை நம்புகிறார், கணக்குப் படித்தவர் பிறவி குணத்தை நம்புகிறார். இந்தக் கதையை முதலில் படித்தபோது பெயரை மாற்றி அச்சடித்துவிட்டார்களோ என்று திரும்பப் படித்தேன்.

*

தீர்த்துப் பார்க்க, ஆள் எடுத்துக் கற்றுக்கொடுப்பதாக விளம்பரம் கொடுத்தார்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னல், பாரன்ஸ், நியூயார்க் டைம்ஸ். ஆயிரம் பேருக்கு மேல் விண்ணப்பம் போட்டார்கள். சிலரை நேரில் கூப்பிட்டுப் பேசி, 13 பேரை எடுத்தார்கள். டிசம்பர் கடைசியில் இரண்டே வாரம் பாடம். ஜனவரியில் சின்னக் கணக்கு கொடுத்து ஒரு மாதம் பார்த்தார்கள். தேறியவர்களில் பெரும்பாலோருக்குப் பிப்ரவரியில் 5 லட்சம் முதல் 20 லட்சம் டாலர் வரை கையில் கொடுத்தார்கள். 20 லட்சம் வாங்கிய கர்ட்டிஸ் ஃபெய்த்துக்கு அப்போது வயது 19.

வந்து சேர்ந்தவர்களில் கணக்காளர் உண்டு, பலகை விளையாட்டு வடிவமைப்பவர் உண்டு, சீட்டாட்டத்தில் சம்பாதித்தவர் உண்டு. சிங்கப்பூரில் ஆமைப் பண்ணை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த டென்னிஸ், அதே மாதிரி ஆட்களை வளர்க்கப்போகிறேன் என்றாராம். அதனால் இவர்களுக்கு 'ஆமைகள்' என்றே பெயர் நின்றுவிட்டது. நம் ஊரில் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இந்த வீட்டில் புகுந்த ஆமைகள் நான்கு வருடத்தில் சராசரியாக ஆண்டுக்கு 80 சதவீதம் ஈட்டியதாக ஃபெய்த் எழுதியிருக்கிறார்.

*

விதிகள் இப்போது ரகசியம் இல்லை. பத்து வருடம் வாயைத் திறப்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிறகு சிலர் காசுக்கு விற்றார்கள். 2003-ல் ஃபெய்த் இலவசமாகவே வெளியிட்டார். சாரத்தை இரண்டு பக்கத்தில் எழுதிவிடலாம். நான் எழுதி வைத்திருக்கிறேன்.

கடந்த 20 நாளின் உச்ச விலையைத் தாண்டினால் வாங்கு. 20 நாளின் அடிமட்டத்துக்குக் கீழே போனால், கையில் இல்லாததை விற்று ஷார்ட் போ. வாங்கியது 10 நாள் அடிமட்டத்தைத் தொட்டால் வெளியேறு. இது ஒரு முறை. இன்னொன்று நிதானமானது: 55 நாள் உச்சத்தில் நுழைவு, 20 நாள் அடிமட்டத்தில் வெளியேற்றம். அவ்வளவுதான். செய்தி படிக்க வேண்டாம், நிபுணர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நான்கு வார உச்சத்தில் வாங்கு என்பதை ரிச்சர்ட் டோன்சியான் முன்பே சொல்லிவிட்டார். 1949-லேயே பொதுமக்கள் பணத்தில் ஃபியூச்சர்ஸ் (முன்பேர ஒப்பந்த) நிதி தொடங்கிய மனிதர் அவர். 20 வேலை நாள் என்பது நான்கு வாரம்தானே. வகுப்பில் அடுத்து வந்ததுதான் நுழைவு விதியை விடப் பெரியது.

*

எவ்வளவு வாங்குவது? எல்லாரும் தாண்டிப்போகிற கேள்வி.

ஒரு சரக்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று 20 நாளுக்குக் கணக்கிடுகிறார்கள். அதற்கு 'என்' (N) என்று பெயர். அந்த ஒருநாள் ஆட்டம் உன் மொத்தப் பணத்தில் ஒரு சதவீதமாக இருக்கும் அளவுக்கு மட்டும் வாங்கு. அது ஒரு யூனிட்.

கையில் 10 லட்சம் என்று வைப்போம். ஒரு சதவீதம் 10,000. பங்கின் விலை 500, நாளுக்கு 20 ரூபாய் ஆடுகிறது. 10,000-ஐ 20-ஆல் வகுத்தால் 500 பங்கு. இரண்டு 'என்' கீழே, அதாவது 460-ல், ஸ்டாப் லாஸ்: அங்கே இறங்கினால் விற்றுவிடு. தவறினால் 20,000 போகும். பாதி 'என்' ஏறும்போதெல்லாம் இன்னொரு யூனிட்: 510, 520, 530. நான்கோடு நிறுத்து. கடைசி யூனிட் வாங்கும்போது எல்லாவற்றுக்கும் ஸ்டாப்பை 490-க்கு உயர்த்திவிடு. அங்கிருந்து விழுந்தால் மொத்த நஷ்டம் 50,000, அதாவது ஐந்து சதவீதம்.

இறங்கும்போது வாங்குவதில்லை, ஏறும்போதுதான் கூட்டுகிறார்கள். நம்மவர்கள் 'ஏவரேஜ் பண்றது' என்பதற்கு நேர் எதிர்.

எனக்கு மிகப் பிடித்த விதி வேறு ஒன்று. கணக்கு பத்து சதவீதம் குறைந்தால், 20 சதவீதம் குறைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அளவைச் சுருக்கு. 10 லட்சம் 9 லட்சமானால், கையில் இருப்பது 8 லட்சம் என்று வைத்து நடத்து. தோற்கும்போது ஆட்டத்தைச் சின்னதாக்கு என்பதை எண்ணாக எழுதிவிட்டார்கள். தோற்றவன் கை இரண்டு மடங்கு போட்டு மீட்கத்தானே துடிக்கும்.

*

ஆமைகளுக்கு மறுக்கப்பட்ட சந்தைகளும் உண்டு. மக்காச்சோளம், கோதுமை, சோயா கூடாது. காரணம் வேடிக்கையானது: ஒருவர் எவ்வளவு வைத்திருக்கலாம் என்று சந்தை வைத்த உச்சவரம்பை டென்னிஸ் தன் சொந்தக் கணக்கிலேயே நிரப்பி வைத்திருந்தார். மாடு, பன்றி இறைச்சி ஃபியூச்சர்ஸும் கூடாது. அந்தச் சந்தைக் கூடத்தில் தரகர்களின் யோக்கியதை சரியில்லை என்பதால். காபி, பருத்தி, சர்க்கரை, தங்கம், கச்சா எண்ணெய், நாணயங்கள், அமெரிக்கக் கடன் பத்திரங்கள் இவையெல்லாம் உண்டு.

நாள் முழுவதும் திரையைப் பார்க்கும் வேலை இல்லை. சும்மா இருக்கும் நேரத்தில் அலுவலகத்தில் பிங்பாங் விளையாடினார்களாம். சும்மா இருக்க முடிவதும் பாடத்திட்டத்தில் ஒரு தாள் என்று நினைக்கிறேன்.

*

பத்து வர்த்தகத்தில் ஆறேழு நஷ்டமாகும் முறை இது. மீதி மூன்று நான்கில் ஒன்று ஓடு ஓடென்று ஓடி எல்லாவற்றையும் கட்டும்.

ஒவ்வொரு முறையும் தோற்க 65 சதவீத வாய்ப்பு என்றால், தொடர்ந்து பத்து முறை தோற்க ஏறத்தாழ 74-ல் ஒரு வாய்ப்பு. அபூர்வம் இல்லை. வருடத்துக்கு நூறு முறை நுழைபவனுக்கு வீட்டுக்கு வரும் விருந்தாளி மாதிரி. கதவைத் தட்டும்போது அவனுக்கு அது தெரியாது, விதி செத்துவிட்டது என்றுதான் தோன்றும்.

*

முதல் மாதமே பிளவு தெரிந்துவிட்டது. 1984 ஜனவரியில் ஹீட்டிங் ஆயில் விலை ஏறத் தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே விதி, ஒரே நாளில் ஒரே சைகை. விதி அனுமதித்த முழு அளவையும் ஏற்றியது தான் மட்டுமே என்கிறார் ஃபெய்த். மற்றவர்கள் குறைவாக எடுத்தார்கள், தாமதமாக எடுத்தார்கள். ஒரே அறை, ஒரே வாத்தியார், பாடம் முடிந்து சில வாரம்கூட ஆகவில்லை.

விதிகளை நாளிதழில் அச்சடித்தாலும் பின்பற்றுபவர் இருக்கமாட்டார் என்கிற பொருளில் டென்னிஸ் ஜாக் ஷ்வாகரிடம் சொல்லியிருக்கிறார். 1989-ல் வந்த பேட்டித் தொகுப்பில் இருக்கிறது. அதையே எல்லாரும் எடுத்துச் சொல்லிவிட்டு, 'ஆகவே ஒழுக்கம்தான் முக்கியம்' என்று முடிக்கிறார்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

*

அந்த விளம்பரத்தின் நிபந்தனையைக் கவனித்தேன். தேர்வானவர்கள் டென்னிஸுக்காக மட்டுமே வர்த்தகம் செய்ய வேண்டும். தங்களுக்காகவோ மற்றவர்களுக்காகவோ ஃபியூச்சர்ஸ் செய்யக் கூடாது. லாபத்தில் ஒரு பங்கு உண்டு, கைச்செலவுக்கு மாதாமாதம் கொஞ்சம் உண்டு.

அதாவது பணம் அவருடையது, நஷ்டமும் அவருடையது. விதிப்படி நடந்து தோற்றால் திட்டு கிடையாது. விதியை மீறினால்தான் ஆபத்து.

இதைத் திருப்பிப் பார்த்தால் நம் கதை. விதியை மீறி ஜெயித்தால் வீட்டில் மரியாதை. விதிப்படி நடந்து ஏழு முறை தொடர்ந்து தோற்றால், 'இந்தப் பைத்தியக்காரத்தனத்தை எப்ப நிறுத்தப் போறீங்க' என்ற கேள்வி. அதே இரண்டு பக்கம்தான், ஆனால் பாடம் வேறு. இரண்டு வாரத்தில் டென்னிஸ் கொடுத்தது விதிகள். நான்கு வருடம் கொடுத்தது நஷ்டத்தைத் தாங்கும் ஒரு முதுகு. ஆமைக்கு ஓடு அவர்தான். பாடத்தில் விலை அதிகமான பகுதி இதுதான், எந்த வகுப்பிலும் இதை விற்க முடியாது.

*

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆயிரத்தில் 13 பேரை எடுத்துவிட்டு, 'யாருக்கும் கற்றுக்கொடுக்கலாம்' என்று நிரூபித்ததாகச் சொல்வது எப்படி? சரி, தவறு என்று குறிக்கும் கேள்வித்தாள் வைத்து, பேசிப் பார்த்து, கணக்குப் பிடித்த ஆட்களாகப் பொறுக்கியிருக்கிறார்கள். ஆயிரம் பேரில் கண்ணை மூடி 13 பேரை இழுத்திருந்தால்தான் பந்தயம் பந்தயம். தோற்றதாக எக்கார்ட் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டுவிட்டார். நான் அவர் இடத்தில் இருந்தால் இன்னும் வழக்கு நடத்திக்கொண்டிருப்பேன்.

*

வாத்தியாருக்கு என்ன ஆயிற்று? 1987 அக்டோபர் சரிவும் அதற்குப் பிந்தைய மாதங்களும் டென்னிஸைப் புரட்டின. பொதுமக்கள் பணத்தில் அவர் நடத்திய நிதிகள் பாதி மதிப்பைப் பறிகொடுத்தன. 1988-ல் கடையைக் கட்டினார், ஆமைத் திட்டமும் அதோடு முடிந்தது. வெளியே போன ஆமைகள் சிலர் சொந்தமாக நிதி தொடங்கி நன்றாகவே இருந்தார்கள். முன்பு கணக்காளராக இருந்த ஜெர்ரி பார்க்கரின் செசபீக் நிறுவனம் அவற்றில் பெயர்பெற்றது.

மாணவர் ஜெயித்தார், வாத்தியார் விழுந்தார். பொதுமக்கள் பணமும் சொந்தப் பெயரும் சேரும்போது விதியைச் செய்தவருக்கே இந்தக் கதி.

*

ஈரோட்டில் என் பெரியப்பா மஞ்சள் இருப்பு வைத்தவர். 2010-ல் விலை உச்சிக்குப் போனபோது விற்கவில்லை. 'இன்னும் போகும்' என்றார். இறங்கத் தொடங்கியபோது, 'அந்த விலை திரும்ப வரட்டும்' என்றார். ஏறும்போது சொன்ன வாக்கியமும் இறங்கும்போது சொன்ன வாக்கியமும் வேறு, செய்த காரியம் ஒன்றே: கிட்டங்கியைத் திறக்கவில்லை. கடைசியில் மூட்டையில் வண்டு விழுந்தபிறகுதான் விற்றார். மஞ்சளுக்கு வண்டுதான் ஸ்டாப் லாஸ். பங்குக்கு வண்டு விழுவதில்லை, அதுதான் கஷ்டம்.

லாபத்தில் உள்ளதை அவசரமாக விற்று, நஷ்டத்தில் உள்ளதைக் கட்டிக்கொண்டு அழும் இந்தக் குணத்தை ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இருவர் 1985-ல் ஆய்வுக் கட்டுரையாக்கினார்கள். டெரன்ஸ் ஓடியன் 1998-ல் அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளைப் புரட்டி அதை உறுதிப்படுத்தினார். பெரியப்பாவைக் கேட்டிருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும்.

*

விதிகளே பொய்யோ என்றும் பார்க்க வேண்டும். 1992-ல் பிராக், லக்கோனிஷாக், லெபரான் மூவரும் 1897 முதல் 1986 வரையான டவ் ஜோன்ஸ் குறியீட்டில் 26 எளிய விதிகளை ஓட்டிப் பார்த்து, இவற்றில் ஏதோ இருக்கிறது என்றார்கள். டெக்னிகல்காரர்களுக்குக் கொண்டாட்டம். 1999-ல் வேறு மூவர் 7,846 விதிகளோடு வந்தார்கள். பழைய காலத்தில் ஜொலித்த மிகச் சிறந்த விதி 1986-க்குப் பிந்தைய பத்தாண்டில் ஜொலிக்கவில்லை. ஏழாயிரம் விதியை ஓட்டினால் ஏதோ ஒன்று ஜொலிக்கத்தான் செய்யும். ஊரெல்லாம் ஜோசியர் இருந்தால் ஒருவர் சொன்னது பலிக்காமலா போகும்.

ஆகவே விதி பலித்ததில் காலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1980-களின் ஃபியூச்சர்ஸ் சந்தைகள் நீண்ட ஓட்டங்கள் ஓடின. ஆமைகள் ஓடையில் இறங்கியபோது தண்ணீர் இருந்தது.

*

நம் பக்கம். நட்சத்திர ஓட்டலின் சின்ன ஹாலில் நடந்த 'இரண்டு நாள்' டிரேடிங் வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்தேன். கட்டணம் சொன்னால் வீட்டில் தெரிந்துவிடும். முதல் நாள் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. இரண்டு நாளும் நுழைவுதான் பேச்சு. எந்த மெழுகுவர்த்திக்கு மேல் வாங்குவது, எந்தக் கோடு எதை வெட்டுகிறது. எவ்வளவு வாங்குவது என்று கேட்டேன். 'உங்க கேப்பிடலைப் பொறுத்து சார்' என்றார் வகுப்பு எடுத்தவர். டென்னிஸ் வகுப்பின் முதுகெலும்பு அங்கே ஒரே வரியில் முடிந்தது.

இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கு இது: மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்) செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தனிநபர்களின் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய். அதே அறிக்கையில் இன்னொரு வரி உண்டு. 2024 நிதியாண்டில் வெளிநாட்டு நிதிகளின் லாபத்தில் 97 சதவீதமும், தரகு நிறுவனங்கள் சொந்தக் கணக்கில் ஈட்டிய லாபத்தில் 96 சதவீதமும் அல்கோ, அதாவது கணினி நிரல், வழியாக வந்தவை.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஜெயிப்பது விதிதான். மனிதக் கை படாத விதி. அந்த விதி இரண்டு பக்கத்தில் அடங்காது, நமக்குச் சொல்லவும் மாட்டார்கள்.

*

சின்ன முதலுக்கு இன்னொரு சிக்கல். 2025-ல் இருந்தபடி நிஃப்டி ஃபியூச்சர்ஸ் லாட் 75, நாள் ஆட்டம் 200 புள்ளி என்று வைத்தால் ஒரு லாட் ஒரு நாளில் 15,000 ஆடும். அது ஒரு சதவீதமாக இருக்க 15 லட்சம் வேண்டும். அதுவும் ஒரே சந்தையில் ஒரே யூனிட்டுக்கு. இரண்டு லட்சத்தோடு வருபவனுக்கு ஆமைக் கணக்கு சொல்லும் லாட்டின் எண்ணிக்கை பூஜ்யம். பூஜ்யம் என்ற விடையை ஏற்க மனம் இல்லாமல் அவன் வார எக்ஸ்பைரி ஆப்ஷனுக்குப் போகிறான். ஓட்டம் வரும்வரை காத்திருக்கும் முறையைப் படித்துவிட்டு, காத்திருக்கக் காத்திருக்கக் கரையும் பொருளை வாங்குகிறான்.

*

என் நோட்டு. பங்குகள் மட்டும், வாங்கும் பக்கம் மட்டும், 55 நாள் முறை. எட்டு மாதம் பென்சிலில் எழுதிப் பார்த்தேன், ஒரு விதிகூட மீறவில்லை. பென்சிலுக்குக் கை நடுங்காது. பிறகு இரண்டு லட்சம் போட்டு ஆரம்பித்தேன். தொடர்ந்து ஆறு நஷ்டம், எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரத்துச் சொச்சம். 74-ல் ஒன்று என்று இதே நோட்டில் கணக்குப் போட்ட ஆள்தான் நான். ஏழாவது சைகை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அளவைக் கணக்கிட்டேன், ஸ்டாப் எங்கே என்று எழுதினேன். ஆர்டர் போடவில்லை. அன்றைக்குக் காரணமாக எழுதியிருப்பது: 'செவ்வாய்க்கிழமை, நாளை பார்க்கலாம்.' எனக்குக் கிழமை நம்பிக்கையெல்லாம் கிடையாது.

அந்தப் பங்கு நான்கு மாதத்தில் 40 சதவீதம் ஏறியது.

*

திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் அக்கா மகன் போன தீபாவளிக்கு வந்திருந்தான். போனில் பச்சை சிவப்பாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து படித்தான். 'இவ்வளவுதானுங்களா மாமா?' என்றான். இவ்வளவுதான் என்றேன். நல்ல மூளைக்காரன், 'என்' கணக்கை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டு எக்செல்லில் போட்டுவிட்டான். இரண்டு வாரம்கூட வேண்டியிருக்கவில்லை.

பொங்கலுக்குப் போனபோது கேட்டேன். எப்படிப் போகிறது?

'சூப்பரா போகுதுங்க மாமா. எல்லாம் நீங்க குடுத்தபடியேதான். அந்த ஸ்டாப் லாஸ் மட்டும் எடுத்துட்டேன்.'

'ஏன்டா?'

'போட்டா அதை அடிச்சுப்போட்டுத்தானுங்க மாமா மேல போகுது.'